காது மட்டும் என் நிறம்

போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ விவகாரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) கேரக்டர் மாதிரி வேஷம் கட்டி நிற்கும் காஸ்பிளேயில் என்னை ஒருவர் ஓசியில் படம் எடுத்து, என் முகத்தை எடிட்டில் வெளுத்துப் போட்டுவிட்டார். அந்தப் படத்தை மறுபடி இங்கே போடுவதாக இல்லை. நானும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலையில் ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்து, "அண்ணே, ஓசியில எடுத்துக் கொடுத்த போட்டோவுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்டுவிட்டார். சரி, பேசிவிடுகிறேன்.

என் முகத்தை வெளுக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

முகம் மைதா மாவு மாதிரி இருக்கிறது. கழுத்து இன்னொரு நிறம். எடிட் செய்தவர் இடது காதை மறந்துவிட்டார். அது மட்டும் நான் பிறந்த நிறத்திலேயே விக்குக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் காதுதான்.

மூன்று மாதம் உட்கார்ந்து செய்த கவசம் அது. ஈவா ஃபோம் என்ற மெத்தென்ற ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னில் காட்டி வளைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் பசை தடவி, மேலே மூன்று கோட் வெள்ளைப் பெயின்ட். பசை வாடை தாங்காமல் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒருநாள் கதவைத் தட்டி, வீட்டில் எல்லாம் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார். சிங்கப்பூரில் நான் இருக்கும் ஈசூனிலிருந்து அதை எம்ஆர்டி ரயிலில் இரண்டு பெரிய பையில் தூக்கிக்கொண்டு போனேன். தோள்பட்டை ஒன்று கதவில் இடித்து, ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்து ஒட்டினேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவர் இவ்வளவு செய்துவிட்டு வந்து நிற்கும்போது, படத்தில் திருத்த வேண்டியதாக உங்கள் கண்ணுக்குப் பட்டது அவருடைய தோல்தானா?

நானும் கேமரா தூக்குகிறவன்தான். 2008இல் சன்டெக் மாநாட்டு மையத்தில் முதல் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா விழா நடந்த காலத்திலிருந்து காஸ்பிளேக்காரர்களைப் படம் எடுத்துவருகிறேன். வேஷம் கட்டத் தொடங்கியது ரொம்பப் பின்னால். இரண்டு பக்கமும் நின்றதால் சொல்கிறேன், இந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது. காலேஜ் பையன் ஒருவன் கூச்சத்தோடு நிற்பான். "தாடையைக் கொஞ்சம் இறக்கு, வாளை இன்னும் முன்னால் கொண்டுவா" என்று சொல்லி, கேமராவின் பின்திரையைத் திருப்பிக் காட்டினால், "இது நானா!" என்று கண்ணை விரிப்பான் பாருங்கள். அதற்காகத்தான் வெயிலில் ஃபோர்ட் கேனிங் பூங்காப் படிக்கட்டில் மண்டி போட்டுக் கிடக்கிறோம். அந்த "இது நானா" வேறு. ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட "இது நானா" வேறு.

"கேமரா எடுத்ததே அப்படித்தான், முகம் இருட்டாக விழுந்தது, அதனால்தான் வெளிச்சத்தைத் தூக்கினேன்" என்கிறார் போட்டோ எடுத்தவர். ஐயா, வெள்ளைக் கவசத்தைப் பார்த்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறத்தான் செய்யும். காட்சி முழுக்க வெளிச்சம் என்று நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அதற்கு முகத்தை வைத்து மீட்டர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ரிஃப்ளெக்டர் பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸ் வைக்க வேண்டும். மாநிறத் தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் கன்ன எலும்பில் ஒரு மினுமினுப்பு வரும், எந்தப் பவுடரும் அதைத் தராது. இது தொழில். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஸ்லைடரை இழுப்பதற்குப் பெயர் வேறு.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கலர் சரிபார்க்க கோடாக் கம்பெனி, படம் பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷர்லி கார்டு என்று பெயர். வெகுகாலம் அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொல்லி ஃபிலிமை மாற்ற வைத்ததில் பெரிய பங்கு யாருக்குத் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களுக்கும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களுக்கும். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை.

"அந்த கேரக்டரே வெள்ளைதானே அண்ணே" என்று ஒரு கமெண்ட். அந்த கேரக்டருக்கு முடி நீலம், கண் ஊதா, வயது பதினேழு. எனக்கு நாற்பத்திரண்டு, லேசாகத் தொப்பை. அதெல்லாம் உங்களுக்கு உறுத்தவில்லை, இல்லையா?

"நீ மட்டும் கல்யாண ஆல்பத்தில் வெளுத்துக் கொடுக்கவில்லையா?" கொடுத்திருக்கிறேன். தேக்காவில் போட்டோக் கடை வைத்திருந்த காலத்தில், "தம்பி, பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுப்பா" என்று வந்து நிற்கும் அம்மாக்களிடம் நான் என்ன பிரசங்கமா செய்ய முடியும்? வாடகை கட்ட வேண்டும். அப்புறம், அவர்கள் கேட்டார்கள், செய்தேன். இங்கே யார் கேட்டது? (பெண்ணைக் கேட்டாயா என்று கேட்காதீர்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

"மேக்கப் போடுகிறவனுக்கு எடிட் என்ன கசக்குதா?" என்றும் ஒருவர். மேக்கப் நான் போடுவது. என் தாத்தா திருவண்ணாமலைப் பக்கம் கூத்தாடியவர். விடிய விடியத் துரியோதனன் கட்டுவாராம். அரிதாரத்தைத் தன் கையால்தான் பூசிக்கொள்வாராம், மற்றவர் விரல் முகத்தில் பட்டால் அன்றைக்குக் கூத்தே கெட்டது என்பாராம். வேஷம் கட்டுகிறவனுக்கு முகம் அப்படி. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அம்மாதான், மாமனார் கதை என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தப் படத்தை அம்மாவும் பார்த்துவிட்டார், யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் கேமராவோடு சுற்றுவதையும் வேஷம் கட்டுவதையும் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. திங்கட்கிழமை போன் செய்து, "இதுலதான்டா நீ நல்லா இருக்கே, ராஜா மாதிரி" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போட்டோ எடுத்தவரிடம் எடிட் செய்யாத ஒரிஜினலைக் கேட்டிருக்கிறேன். "ரிலாக்ஸ் ப்ரோ" என்று ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். அம்மா அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்துவிட்டார். நானும் இன்னும் எடுக்கச் சொல்லவில்லை.