லாபி பளபளக்கிறது, ஐஸ்?

எங்கள் ஐஸ் ரிங்க், அதாவது ஐஸில் சறுக்கி விளையாடும் அரங்கம், கைமாறி ஒரு சீசன் ஓடிவிட்டது. "சூப்பரா மாத்திட்டாங்க" என்று ஆளாளுக்கு போட்டோ போடுகிறார்கள். நானும் லைக் போட்டேன். வாசலில் புது பெயின்ட், சுவரெல்லாம் ஸ்கிரீன், ஆப்பில் டிக்கெட், ஸ்கேட் மாட்டிக்கொள்ள மெத்தை வைத்த பெஞ்ச். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதெல்லாம் வாசலிலிருந்து ஐஸைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை வரைக்குமான விஷயம். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: வாடகை ஸ்கேட். பழைய நிர்வாகத்தில் அதைக் காலில் மாட்டுவதே ஒரு தண்டனை. கணுக்கால் பக்கம் துவண்டிருக்கும், பிளேடு மொட்டையாக இருக்கும். ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். அதன் இரண்டு பக்க ஓரங்கள்தான் ஐஸைப் பிடிக்கின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் ஓரம் பிடிக்காது. காலைப் பக்கவாட்டில் உந்தினால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். முதல் நாள் வந்துவிட்டு "நமக்கு இது சரிப்படாது" என்று கிளம்பிப் போனவர்களில் பாதிப் பேரைத் துரத்தியது அந்த மொட்டை பிளேடுதான் என்பது என் கணிப்பு. புதியவர்கள் வந்த கையோடு பழசையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். இப்போது முறையாகச் சாணை பிடிக்கிறார்கள். இதற்கு மனதாரக் கைதட்டுகிறேன்.

இனி ஐஸுக்கு வருவோம்.

ரிங்க்கின் அடியில் கான்கிரீட். அதற்குள் நெருக்கமாகப் பதித்த குழாய்களில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புநீரோ, லேசில் உறையாத கிளைக்கால் என்ற ரசாயனக் கரைசலோ ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்துத் தெளித்து உறைய வைப்பார்கள். முடிவில் ஐஸின் கனம் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் வரை இருந்தால் போதும். இன்னும் கனமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ஐஸ் தன் பங்குக்குக் குளிரை மேலே விடாமல் தடுக்கும். கனம் கூடக்கூட கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டும், அப்படியும் மேற்பரப்பு மெத்தென்றே கிடக்கும். அதனால்தான் நன்றாக நடக்கும் ரிங்க்கில் அங்கங்கே துளை போட்டு ஆழம் அளந்து குறித்து வைப்பார்கள். எங்கள் பழைய டெக்னீஷியன் கையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். இப்போது ஆளும் இல்லை, நோட்டும் இல்லை. அவரை அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர், அவராகத்தான் போனார் என்கிறார்கள் சிலர். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை என்பதுதான்.

ஐஸைச் சீவிப் புதுத் தண்ணீர் விடும் ஜாம்போனி வண்டியை எல்லோரும் பார்த்திருப்போம். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். நானும் ஒட்டாத குறைதான். அந்த வண்டியைச் செய்த ஃபிராங்க் ஜாம்போனி ஒரு ரிங்க் முதலாளி. கலிபோர்னியாவில் பாரமவுன்ட் என்ற ஊரில் 1940இல் ரிங்க் திறந்தார். அந்தக் காலத்தில் தரையைச் சீவி, கழுவி, புதுத் தண்ணீர் விட்டு உறைய வைக்க மூன்று நான்கு ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெனக்கெட வேண்டியிருந்தது. பல வருஷம் முட்டி மோதி 1949இல் ஓடுகிற மாதிரி ஒரு வண்டியைக் கட்டினார். ஒரே ஆள், பத்து நிமிஷ வேலை. ஒரு ரிங்க் முதலாளிக்குத் தூக்கம் கெட வேண்டியது எதை நினைத்து என்பதற்கு அவரைத்தான் சொல்வேன்.

எங்கள் ரிங்க்கில் முன்பு ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் அந்த வண்டி இறங்கும். இப்போது ஒன்று விட்டு ஒன்று. பார்ட்டி புக்கிங் இருக்கும் நாளில் அதுவும் கிடையாது. விளைவைப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நடனம் மாதிரித் தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கான ஸ்கேட்டின் முனையில் பல் மாதிரி இருக்குமே, அதை ஊன்றித்தான் சில தாவல்களுக்குக் கிளம்புவார்கள். ஒவ்வொரு ஊன்றலும் ஒரு குழி. மூலையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் போன பிறகு அந்த இடம் அம்மை வடுப் போட்ட முகமாகக் கிடக்கிறது. அடுத்த செஷனில் பெரியவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதன்மேல்தான் போகிறார்கள். போன மாதம் என் மகளின் பிளேடு ஒரு குழியில் மாட்டி முட்டிக்கால் வீங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவள் விழுந்த இடத்தில் குனிந்து கை வைத்துப் பார்த்தேன், என் சுண்டு விரல் நுனி உள்ளே போனது.

இன்னொன்று, ஓரங்கள். வண்டியின் சீவும் கத்தி பலகையை ஒட்டிப் போகாது. அங்கே ஐஸ் ஏறிக்கொண்டே வரும், அதைத் தனியாக ஒரு சின்ன இயந்திரம் வைத்துச் சீவ வேண்டும். சீவாமல் விட்டதில் எங்கள் ரிங்க்கின் ஓரங்கள் மேடாகிவிட்டன. பலகையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் புதியவர்கள் சரிவில் நிற்கிறார்கள், கால் தானாக நடுப்பக்கம் ஓடுகிறது.

வெந்நீர் விஷயமும் உண்டு. வண்டி விடும் தண்ணீர் வழக்கமாக 60 டிகிரிக்கு மேல் சுடும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு, அதனால் உறையும்போது கெட்டியாகவும் தெளிவாகவும் உறையும். கீழே உள்ள கீறல்களையும் லேசாக உருக்கி ஒட்டிக்கொள்ளும். இப்போது பச்சைத் தண்ணீர் விடுகிறார்கள், மின்சாரம் மிச்சமாம். தண்ணீரிலிருந்து காற்றைப் பிரித்தெடுக்கும் கருவி வைத்துப் பச்சைத் தண்ணீர் விடும் ரிங்க்குகள் உண்டு, அது நல்ல ஏற்பாடு. கருவி வாங்காமல் வெந்நீரை மட்டும் நிறுத்தினால் கிடைப்பது வெளிறிப்போன, பொருபொருத்த ஐஸ். எங்களுக்குக் கிடைத்திருப்பது அதுதான்.

மேலே அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் நீர்த்துளி தொங்குகிறது. ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பாதி நேரம் அணைத்து வைக்கிறார்கள் போல. அந்தத் துளி கீழே விழுந்து கொப்புளம் கொப்புளமாக உறைகிறது. கூட்டமான நாட்களில் தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி. போட்டோவில் அழகாகத்தான் விழுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நேர அட்டவணை. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்குக் கெட்டியான ஐஸ் வேண்டும், மைனஸ் 5, 6 டிகிரி. ஃபிகர் ஸ்கேட்டர்களுக்குக் கொஞ்சம் இளகியது, மைனஸ் 3, 4. ரொம்பக் கெட்டியாக இருந்தால் தாவி இறங்கும்போது ஐஸ் சில்லுச் சில்லாகப் பெயரும். அதனால் முன்பு ஃபிகர் செஷன்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு பக்கம், ஹாக்கியை இன்னொரு பக்கம் வைத்திருந்தார்கள். இடையில் வெப்பநிலையை மாற்ற நேரம் இருந்தது. புது அட்டவணையில் இது ஒரு மணி, அது ஒரு மணி, நடுவில் பிறந்தநாள் பார்ட்டி. வெப்பநிலை ஏதோ நடுவில் ஒரு எண்ணில் நிற்கிறது, இரண்டு தரப்புக்கும் பிடிக்காத எண். பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பை சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

"ரிங்க் நடத்துவது எவ்வளவு செலவு தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். குளிரூட்டுவதற்கே மின்கட்டணம் ஆளை விழுங்கிவிடும். பழையவர்கள் கையைச் சுட்டுக்கொண்டுதான் விற்றார்கள். கட்டணத்தை ஏற்றியதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மிச்சம் பிடிப்பதற்கும் வழி இருக்கிறது. ஐஸின் கனத்தை அளந்து குறைத்தாலே கம்ப்ரஸருக்குச் சுமை குறையும். கூரையிலிருந்து இறங்கும் வெப்பக் கதிர்வீச்சு தரையைச் சூடாக்குவதில் கணிசமான பங்கு வகிக்கிறது. அதைத் தடுக்க பளபளப்பான உள்கூரை போடலாம். கம்ப்ரஸர் வெளியே தள்ளும் சூட்டைப் பிடித்து வெந்நீர் போடலாம், சீவி எடுத்த பனியை உருக்கலாம். லாபி ஸ்கிரீனுக்குப் போன பணத்தில் இதில் ஒன்றையாவது தொடங்கியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இதுவரை சொன்னது எரிச்சல். இனிச் சொல்வது பயம். வண்டி கேஸில் ஓடுகிறது. மூடிய கட்டடத்துக்குள் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேரும், காற்றோட்டம் சரியில்லாத ரிங்க்குகளில் விளையாட வந்தவர்கள் மூச்சுத் திணறலோடு போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்று நான் இப்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறேன். சில நாட்கள் சத்தமே இல்லை. பல ரிங்க்குகளில் குளிரூட்டுவது அம்மோனியா. கனடாவில் ஃபெர்னி என்ற சிறு நகரத்தின் ரிங்க்கில் 2017 அக்டோபரில் அம்மோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். வயதாகிப்போன குளிரூட்டும் கருவியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். எங்கள் ரிங்க்கில் என்ன வாயு, கருவிக்கு என்ன வயது, பயிற்சி பெற்ற ஆள் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

இவற்றைக் கேட்டு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். பதிலுக்குப் பிறந்தநாள் பேக்கேஜ் விளம்பரம் வந்தது. நினைவூட்டி மறுபடி எழுதியதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி.

அடுத்த வாரம் உறுப்பினர்கள் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் புது லோகோ வெளியீடு என்றிருக்கிறது. நான் மூன்றே கேள்வியோடு போகிறேன்: ஐஸ் கனத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், விசிறியை யார் எப்போது அணைக்கிறார்கள், குளிரூட்டும் அறைக்குப் பொறுப்பு யார். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இரண்டு பேர் கூட வந்தால் தெம்பாக இருக்கும். என்ன சொன்னார்கள் என்று வந்து கமெண்டில் போடுகிறேன்.