பெற்றோர் இருவரும் பாசிட்டிவ், குழந்தை ஓ நெகட்டிவ்: சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"தாய் ஏ பாசிட்டிவ், தந்தை பி பாசிட்டிவ். குழந்தை ஓ நெகட்டிவ் என்றால் அது அந்தத் தந்தைக்குப் பிறந்ததே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது முழுப் பொய். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே குலைத்துப்போடக்கூடிய பொய்.

ரத்த வகைக்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஏ, பி இரண்டும் ஓங்கு பண்புகள், ஓ ஒடுங்கு பண்பு. ஒருவரிடம் ஏ ஒன்றும் ஓ ஒன்றும் இருந்தால் லேப் ரிப்போர்ட்டில் 'ஏ' என்றுதான் வரும். ஓ வெளியே தெரியாது, ஆனால் பிள்ளைக்குப் போகும். தாய் ஏ-ஓ, தந்தை பி-ஓ என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் ஏபி, ஏ, பி, ஓ நான்குக்கும் தலா 25 சதவீத வாய்ப்பு. நெகட்டிவும் இப்படித்தான்: பாசிட்டிவாகத் தெரியும் இருவரிடமும் அது ஒளிந்திருந்தால், குழந்தை நெகட்டிவாகப் பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து ஓ நெகட்டிவ் வர 16-இல் 1.

ஏபி வகைப் பெற்றோருக்கு ஓ குழந்தை பிறப்பது வழக்கமில்லை, உண்மைதான். அதிலும் விதிவிலக்கு உண்டு. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே ரத்த வகைக்காரர்களிடம் ஏ, பி மரபணு இருந்தாலும் சாதாரணப் பரிசோதனை 'ஓ' என்றே காட்டும். அதனால் ரத்த வகை பொருந்தவில்லை என்று தோன்றினாலும் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. டிஎன்ஏ பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

உங்கள் பிள்ளை ஓ நெகட்டிவ் என்றால் அதை மருத்துவப் பதிவில் தெளிவாக எழுதி வையுங்கள். அவர்களுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம்தான் ஏற்ற வேண்டும்.