ஆளுக்குப் பத்து நாள், தனித்தனியாக

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. ஓய்வுக்காலக் குடியிருப்புக்குப் போய்விடலாமா, இருக்கிற வீட்டிலேயே இருந்துவிடலாமா? என் கணவருக்கு 71, எனக்கு 66. இரண்டு பேருக்கும் கைகால் நன்றாகவே இருக்கிறது. படுத்துவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. சொந்தமாகச் சமைத்து, வண்டி ஓட்டி, நினைத்த இடத்துக்குப் போய்வரும் நிலையில் இருப்பவர்கள் தங்கள் வயதுக்காரர்களோடு சேர்ந்து வாழப் போகும் இடங்களைச் சொல்கிறேன். நீச்சல்குளம், நடைபாதை, நூலகம், பாட்டு வகுப்பு, சீட்டாட மேசை எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கூரை ஒழுகினால் ஆள் தேடுவது நிர்வாகத்தின் பாடு.

இதே குழப்பத்தில் இருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த யோசனை அக்காவைப் பார்த்து வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் அத்தானும் அப்படி ஓர் இடத்தில் வீடு வாங்கிப் போனார்கள். இடம் பார்த்தது அத்தான். அவர் டென்னிஸ் ஆடுவார், யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிஷத்தில் சிநேகமாகிவிடுவார். குடிபோன மூன்றாம் மாதமே குடியிருப்போர் சங்கச் செயலாளர். அக்கா நேர் எதிர். கூட்டம் என்றால் ஒதுங்குவாள், கார் ஓட்டத் தெரியாது. அத்தான் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவர் போகிற இடத்துக்கெல்லாம் இவளும் போனாள்.

மூன்றாவது வருஷம் அத்தான் தவறிவிட்டார்.

நான் போய் ஒரு மாதம் அவளோடு இருந்தேன். அந்த வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் டென்னிஸ் மைதானம் தெரியும். அத்தான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பக்கம் அது. அந்த மாதம் முழுக்க அக்கா அந்தப் பக்கத்துத் திரையை விலக்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் பந்து அடிக்கும் சத்தம் கேட்கும். ஆறு மணிவாக்கில் நின்றுவிடும். அது நின்ற பிறகுதான் உள்ளறையிலிருந்து வந்து முன்னறையில் உட்காருவாள்.

தம்பதியாகப் போகிறவர்கள் எல்லாக் கணக்கையும் இரண்டு பேருக்காகவே போடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒருவர் ஒருநாள் தனியாக இருக்கத்தான் போகிறார். அவருக்கு அந்த இடம் ஒத்துவருமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறது, அதுதான் காரணம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த மாதிரி இடங்கள் விற்கப்படும் விதமும் அந்தக் கேள்வியை மறக்கடிக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் சன் சிட்டி என்ற ஊரை 1960 ஜனவரி 1ஆம் தேதி திறந்தார். அந்த வார இறுதியில் பார்க்க வந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வந்தவர்களுக்குக் காட்ட கோல்ஃப் மைதானமும் பொழுதுபோக்குக் கூடமும் கடைகளும் முன்கூட்டியே தயாராக இருந்தன. முதுமை என்றால் ஒரு மூலையில் ஒடுங்குவது என்று நினைத்திருந்த காலத்தில், இனிமேல்தான் விளையாட்டு என்று சொன்னது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்றைக்கும் சுற்றிக் காட்டுகிறவர்கள் அதே வரிசையில்தான் காட்டுகிறார்கள். முதலில் குளம், அப்புறம் உடற்பயிற்சிக் கூடம், கடைசியில் வீடு. அங்கே குடியிருப்பவர்களோடு பேச நேரமே இருப்பதில்லை.

மனிதத் துணையின் பலம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் 3 லட்சம் பேருக்கு மேல். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். கவனியுங்கள், அவர்கள் அளந்தது உறவுகளை. பக்கத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்பது அதில் கணக்கே இல்லை. முந்நூறு குடும்பங்களுக்கு நடுவில் ஒரு மனுஷி பேச ஆளில்லாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு குடியிருப்பில் விருந்தினர் அறை எடுத்து, ஆளுக்குப் பத்து நாள், தனித்தனியாகத் தங்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். சேர்ந்து போகவில்லை. ஒருவர் அங்கே இருக்கும்போது இன்னொருவர் வீட்டில்.

முதலில் நான் போனேன். மூன்று நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்கள், அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள். யார் எங்கே உட்கார்வது என்பது அங்கே எப்போதோ முடிவாகியிருந்தது. பொதுக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள். கையெழுத்தில் பெயர்கள். செஸ் குழுத் தாளில் மூன்று பெயர்கள் மேல் பேனாவால் ஒற்றைக் கோடு இழுத்திருந்தது. விலகிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் நூலகத்தில் ஓர் அம்மா தனியாகப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுக்கினார். மேல் தட்டு எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் போனேன். ஆறாம் நாள் அவரிடம் அந்தக் கோடுகளைப் பற்றிக் கேட்டேன்.

“அவங்க மூணு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா. புதுத் தாள் எழுத யாருக்கும் மனசு வரல. எல்லாரும் ஒரே வயசா இருந்தா எல்லாருக்கும் ஒரே சமயத்துலதான் வரும். அதைத் தாங்குவீங்களான்னு இங்க வர்றவங்ககிட்ட யாரும் கேட்கிறதில்ல.”

அவர் அதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டே சொன்னார். பத்தாம் நாள் கிளம்பும்போது எனக்கு அங்கே ஒரு சிநேகிதி இருந்தார், ஒரு வேலை இருந்தது. எனக்கு அவ்வளவு போதும் என்று அங்கே போனதால்தான் தெரிந்தது.

என் கணவர் அத்தானைப் போல. போனதுமே எல்லோரோடும் கலந்துவிடுவார், திரும்பி வரவே மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழாம் நாளே பையோடு வந்து நின்றார். “எல்லாரும் நல்ல மனுஷங்கதான். ஆனா நாள் பூரா அவங்கவங்க ஆபரேஷன் கதை. ஒரு சின்னப் பையன் சைக்கிள் ஓட்டுற சத்தம்கூடக் கேட்கல” என்றார். 44 வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதரைப் பற்றி நான் போட்ட கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. கலகலப்பானவருக்கு ஒத்துவரும், அமைதியானவருக்கு ஒத்துவராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். போய்த் தங்கிப் பாருங்கள். மழையோ வெயிலோ, அந்த இடத்துக்கு ஆகாத பருவத்தில் போய்த் தங்கினால் இன்னும் நல்லது.

பண விஷயத்தில் எனக்குப் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதப் பராமரிப்புக் கட்டணம் இன்று எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கடந்த ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். லிஃப்ட், கூரை மாற்ற சேமநிதி இருக்கிறதா என்று சங்கத்தின் வரவு செலவைப் பாருங்கள். முக்கியமாக, வெளியே வரும்போது என்ன கையில் கிடைக்கும்? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் விலகும்போது கணிசமான தொகையைப் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் சாதாரணம், குறிப்பிட்ட காலம்வரை வருஷம் கூடக்கூட அந்தப் பிடித்தமும் கூடும். வயது விதியையும் படியுங்கள். அமெரிக்காவில் 1995 சட்டப்படி, 55 வயதுக் குடியிருப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஆள் குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு இடமும் தனி விதி வைத்திருக்கும். மகள் குழந்தையோடு வந்து ஆறு மாதம் தங்க வேண்டிய நிலை வந்தால் விடுவார்களா? எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவம் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் செவிலியர் பராமரிப்பு கிடையாது. நடக்க முடிகிறவரைதான் அந்த வாழ்க்கை. உதவியோடு வாழும் பகுதி, முழுப் பராமரிப்புப் பகுதி என்று எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ள இடங்கள் வேறு வகை, அவற்றுக்குச் செலவும் வேறு. நாங்கள் பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு நான் குளியலறையில் விழுந்தால் யார் வருவார்கள், ஞாபகம் தப்ப ஆரம்பித்தால் இங்கேயே இருக்க விடுவீர்களா என்று கேட்டேன். “அதையெல்லாம் இப்பவே ஏன் மேடம் யோசிக்கிறீங்க” என்றார் பொறுப்பாளர். எனக்குக் கோபம் வந்தது. 66 வயதில் யோசிக்காமல் பிறகு எப்போது யோசிப்பது? அந்த இடத்தை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அதே சமயம், முடியாமல் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் தப்பு. புது இடத்தில் சிநேகம் பிடிக்கத் தெம்பு வேண்டும். நாலு நாள் தொடர்ந்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டத் தெம்பு வேண்டும். போவதென்றால் அது இருக்கும்போதே போக வேண்டும். பழைய வீட்டை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எங்களோடு வந்துவிடு என்று எவ்வளவோ கூப்பிட்டோம், வரவில்லை. எதிர்வீட்டில் அவளைப் போலவே தனியாக இருக்கும் ஒருவர் தினமும் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டி செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுப் போவார். திறக்காவிட்டால் உள்ளே வர அவரிடம் ஒரு சாவி உண்டு. அவர் வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் உண்டு. விளம்பரத்தில் இது எங்கேயும் இல்லை. இது அமைய அக்காவுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் அவளுக்கு நரகம்தான்.

போன வாரம் சாயங்காலம் நடக்கப் போனபோது என் கணவர் கேட்டார், “நான் இல்லேன்னா நீ அங்க போவியா?”

“போவேன். நான் இல்லேன்னா நீங்க?”

“நான் இங்கதான் இருப்பேன்.”

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதை வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போதைக்கு இந்த வீட்டை வைத்துக்கொண்டு, நாங்கள் தங்கிப் பார்த்த குடியிருப்பில் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுப்பது என்று பேசியிருக்கிறோம். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். வளாகத்துச் சுவரை ஒட்டி வெளியே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஜன்னல் உள்ள வீடாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.