12 அடிப் புலி: ஒரு திருத்தம்

ஆங்கிலேயர் காலத்து வேட்டைக் குறிப்புகளில் 12 அடிப் புலிகள் வருவதால், இன்றைய வங்கப் புலிகள் சிறுத்துவிட்டன என்று சொல்லப்படுவது சரியன்று. அக்கால வேட்டைக்காரர்கள் பலர் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை உடலின் வளைவுகளை ஒட்டி நாடாவை வைத்தே அளந்தனர். இரு முனைகளிலும் முளையடித்து, அவற்றுக்கிடையே நேர்கோட்டில் அளந்தால் அதே புலி சில அங்குலங்கள் குறைந்துவிடும். உரித்த தோலை அளந்தவர்களும் உண்டு. பச்சைத் தோல் இழுத்த இழுப்புக்கு நீளும் என்பதால் அந்த அளவுகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எடையிலும் இதே சிக்கல்தான்: 1967இல் வட இந்தியாவில் சுடப்பட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட புலிக்குச் சொல்லப்படும் சுமார் 389 கிலோவில், முந்தைய இரவு அது தின்ற எருமை இறைச்சியும் அடங்கும். அந்தப் புலியின் நீளம்கூட முளைகளுக்கிடையே 3.22 மீட்டர்தான், அதாவது 11 அடிக்கும் குறைவு.