நிவாரணப் பட்டியலும் கடன் கொப்பியும்

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அம்மாவின் பழைய கிளினிக் கொப்பி அகப்பட்டது. முன்மட்டையில் ஒரு போன் நம்பரைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தது. அதைக் கண்டதும் 2020 கொரோனா ஊரடங்கு முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு இலங்கை முழுக்க ஊரடங்கு. எங்கள் ஊர் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து நாலு கிலோமீற்றர் உள்ளே. காலபோக நெல் வீட்டில் கிடந்தவர்களுக்குச் சோற்றுக்குப் பிரச்சினை இல்லை. கூலிக்குப் போகிறவர்கள், மேசன்மார், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள், இவர்களுக்குத்தான் இரண்டாம் கிழமையே இறுகத் தொடங்கியது. அரசாங்கம் சித்திரையிலும் வைகாசியிலும் 5,000 ரூபாய் கொடுத்தது. நல்ல விசயம். ஆனால் அதற்கு ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். சமுர்த்தி என்ற அரசாங்க உதவித் திட்டமோ, முதியோர் கொடுப்பனவோ, காத்திருப்போர் பட்டியலோ. போன மாதம் கலியாணம் கட்டித் தனிக் கொட்டில் போட்ட பிள்ளையின் பெயர் எதில் இருக்கும்?

நாங்களும் ஒரு பட்டியல் போட்டோம். கனடாவிலிருந்து மச்சான் காசு அனுப்பினான். நாற்பது பொதி. அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை. கொடுக்கும்போது படம் எடுக்கவேண்டும், அது ஒன்றுதான் அவன் கேட்டது. எடுத்தோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். தேடினால் இந்தப் பக்கத்திலேயே கீழே எங்கேயாவது கிடக்கும். 2009இல் யுத்தம் முடிந்தபோது மெனிக் பாம் அகதி முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற அதே சனத்தைத்தான் திரும்பவும் வரிசையில் விட்டிருக்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

சந்திக் கடை அண்ணைதான் உறைக்க வைத்தார். "தம்பி, உங்கட லிஸ்ட்டை வைச்சிட்டு இதைப் பாருங்கோ" என்று கடன் கொப்பியை எடுத்துப் போட்டார். எண்ணெய் பட்ட நீலமட்டைக் கொப்பி. ஒரு மாமியின் பக்கம்: மா அரைக் கிலோ, சீனி 100, பனடோல் ஒரு கார்ட். பிறகு மா கால் கிலோ. பிறகு நெருப்புப்பெட்டி மட்டும். அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. "கடன் கூடின ஆக்கள் எப்பிடியும் வந்து கேப்பினம். கேக்கிறதை நிப்பாட்டின ஆக்களைப் போய்ப் பாருங்கோ."

போனோம். முருங்கையிலையும் கஞ்சியுமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நாற்பதில் மாமி இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, வசதியான ஆள் என்று நாங்களே வெட்டிவிட்டிருந்தோம்.

மிச்சக் காசில் பொதி கட்டவில்லை. மாமியோடு சேர்த்து ஆறு பேரின் கணக்கைக் கடையில் கட்டினோம். படமும் இல்லை. (மச்சான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான், அது வேறு கதை.) மாமி கடை வாசலில் வைத்தே என்னைக் கிழித்தார்: "ஆரடா என்ர கடனைக் கட்டச் சொன்னது?" அவர் ஏசினதும் நியாயம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடை அண்ணையைப் போல விசயம் தெரிந்த இன்னொருவர் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் அக்கா. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தையின் நிறை கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரடங்குப் பாஸும் மாஸ்க்குமாக ஸ்கூட்டியில் திரிபோஷா என்ற சத்துமா கொண்டுவந்தார். ஒரு படலையில் நின்று, "இது குழந்தைக்கு, வீட்டுக்காரருக்கு உருண்டை பிடிச்சுக் குடுக்கிறேல்லை" என்று அவர் அதட்டினது இன்னும் காதில் கேட்கிறது. பொதி கொடுக்கக் கிளம்பின நாங்கள் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) மட்டும் கேட்டோம். அவரிடம் இருந்ததோ அலுவலகப் பட்டியல்தான்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். கிளினிக் குளிசைகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது வந்தது. சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. கொப்பியில் இருந்தது கட்டாருக்குப் போய்விட்ட அண்ணாவின் பழைய நம்பர். பிழை எங்களுடையது. நாலு நாள் பிரஷர்க் குளிசை இல்லாமல் இருந்து தலைசுற்றி விழப் பார்த்தார். பிறகு நான்தான் போன் எடுத்து விவரம் சொல்லி நம்பரை மாற்றினேன்.

இனி வெள்ளமோ வேறு நோயோ வந்தால், காசு சேர்க்கிற தம்பிமார் முதலில் கடை அண்ணையையும் அந்த அக்காவையும் ஜி.எஸ்.ஸோடு ஒரு மேசையில் இருத்துங்கள். பொதியைப் பிறகு கட்டலாம். வீட்டில் இருக்கிற கிளினிக் கொப்பியையும் இன்றைக்கே ஒருக்கால் திறந்து பாருங்கள். அம்மாவின் புதுக் கொப்பியில் என் நம்பருக்குக் கீழே பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரையும் எழுதிவிட்டேன்.