ஓடு ஒட்டினால் அது பிளாஸ்டிக் முட்டை இல்லை

தண்டையார்பேட்டையில் வாங்கிய முட்டையை அவித்தால் ஓடு வெள்ளையோடு பிய்ந்து வருகிறது, அதனால் அது பிளாஸ்டிக் முட்டை என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, சத்தியமாக இல்லைங்க. புது முட்டை அப்படித்தான் ஒட்டும். புதுசில் வெள்ளைக்கருவின் பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.6 அளவில் இருக்கும், நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி அது 9-ஐ நெருங்கும்போதுதான் உள்சவ்வு பிடியை விடும். நாமக்கல்லில் இருந்து வந்து இறங்கியதுமே வாங்கி அவித்தால் என்ன செய்யும், பாவம்! நாலைந்து நாள் வைத்திருந்து, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு கரண்டியால் இறக்குங்கள். 11 நிமிடம் போதும், உடனே ஐஸ் தண்ணீர். காற்றுப்பை இருக்கும் அகலமான பக்கம் தட்டி உரியுங்கள். அப்புறம், மஞ்சள்கரு கெடுதல் என்று தூக்கிப் போடாதீர்கள், முட்டையின் 6 கிராம் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி அதில்தான் இருக்கிறது. மிளகுத்தூள், உப்பு போதும், சாயங்காலப் பசிக்கு பஜ்ஜியை விட நல்லது.