தடைக்காலத்துச் சிரிப்பு

‘தி ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் கேரிங்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். 2016-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஜோனதன் எவிசனின் நாவலை வைத்து ராப் பர்னெட் எடுத்த படம். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதோம், சிரித்தோம் என்கிறார்கள். அழுகையை விடுங்கள், அது யாருக்கும் வரும். எனக்கு அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கதை சின்னது. மகனைப் பறிகொடுத்த பென், ஆறு வாரப் பயிற்சி முடித்துவிட்டுப் பராமரிப்பாளர் வேலைக்கு வருகிறார். பால் ரட் நடித்திருக்கிறார். பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் ட்ரெவர், டுஷேன் வகைத் தசைச்சிதைவு உள்ளவன். சக்கர நாற்காலி, தினமும் ஒரே சாப்பாடு, டிவி. ஒருநாள் இருவரும் வேனை எடுத்துக்கொண்டு, உலகத்திலேயே ஆழமான பள்ளத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் செலினா கோமஸ் ஏறிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கும் அதே நோய். பாம்பனில் இருக்கிறார்கள். டிஸ்ட்ரோபின் என்கிற புரதம் உடம்பில் உருவாகாததால் தசை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே போகும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். சின்ன வயதில் அடிக்கடி விழுவார்கள், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி எழுவார்கள், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கும். “கடலுக்குப் போற காலு” என்று தெருக் கிழவிகள் தடவிப் பார்த்து மெச்சிய கால் அது. பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நாற்காலி. அப்புறம் இதயத்துக்கும் மூச்சுக்கும் சிரமம் வரும்.

படத்தில் எனக்குப் பிடித்தது ட்ரெவரின் வாய். மூச்சு நின்றுபோன மாதிரி நடித்துப் பென்னைப் பதறவைப்பான். அசிங்கமாகப் பேசுவான். நின்றுகொண்டே ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவனுடைய வாழ்நாள் ஆசை. நம் படங்களில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் ஒன்று தெய்வக் குழந்தை, இல்லையென்றால் இரண்டாம் பாதியில் சாக வேண்டியவன். ஊரும் அப்படித்தான் பார்க்கிறது. என் அக்கா மகனைக் கடந்துபோகிற ஒருவர்கூட உச்சுக்கொட்டாமல் போவதில்லை. சிலர் கேட்காமலேயே தலையில் கைவைத்து ஜெபம் சொல்லிவிட்டுப் போவார்கள். என் மருமகன் ஜெபத்துக்கு நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவான்.

ஆனால் படம் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. பென்னும் ட்ரெவரும் அப்படிக் கலாய்த்துக்கொள்ள முடிகிறது என்றால், அதற்குக் காரணம் பென் சம்பளம் வாங்குகிற வெளி ஆள் என்பதுதான். அவர் இருப்பதால்தான் ட்ரெவரின் அம்மா எல்சா வேலைக்குப் போக முடிகிறது. எங்கள் வீட்டில் பென்னும் எல்சாவும் ஒரே ஆள்தான், அது அக்கா. மச்சான் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ராத்திரி அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது, எழுந்து எழுந்து திருப்பிப் போட வேண்டும். விடிந்தால் கழிப்பறைக்குத் தூக்க வேண்டும். பதினாறு வயதுப் பையனின் கனம் என்ன என்று தூக்கியவருக்குத் தெரியும். இடுப்பு கழன்றுபோன மனுஷியிடம் நகைச்சுவை உணர்வை எதிர்பார்ப்பது அநியாயம்.

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக்கிடக்கும். கையில் காசு இருக்காது, அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் எந்த மூலைக்கு? ஆனாலும் தூக்க ஒரு ஆள் இருக்கிறது. அக்கா முழு ராத்திரி தூங்குகிறாள். மச்சான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, “என்னடா, கிலோ என்ன விலைக்குப் போவே?” என்பார். “கம்பெனிக்காரனுக்குக் கட்டுப்படியாகாதுப்பா” என்பான் அவன். அடுப்படியிலிருந்து அக்கா சிரிப்பாள். படத்தையும் அப்படி ஒரு தடைக்கால மதியத்தில்தான் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம்.

ஆகவே சிரிப்பு என்பது குணம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, ஆள்பலம் சம்பந்தப்பட்டது. “தாய்க்குப் பாரமா?” என்று கேட்கிறவர்கள் ஒரு வாரம் வந்து தூக்கிப் பாருங்கள்.

படம் வந்த அதே 2016-ன் கடைசியில்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிறைவேறியது. அதிலுள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் உண்டு. பராமரிப்பாளருக்கான உதவித்தொகையைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. தமிழக அரசு இந்த நோய்க்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. உதவிதான், மறுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு ராத்திரிக்கு ஆள் கிடைக்குமா? அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அதேபோல் பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும், அக்கா ஒரு கல்யாண வீட்டுக்காவது போய்விட்டு வருவாள்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்பதை எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் 28 பேர் செத்தார்கள். அது வேறு நோய், வேறு கதைதான். ஆனால் அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. முடியாமல் போய்தான் பலர் விட்டிருப்பார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். குறைகளும் உண்டு. கிரேக் ராபர்ட்ஸ் பிரமாதமாக நடித்திருக்கிறார், ஆனால் நிஜத்தில் அவர் நாற்காலியில் இருப்பவர் இல்லை. அதைவிட எனக்கு உறுத்தியது எல்சா. கைவிட்டுப்போன அப்பா எழுதியதாக மகன் நினைத்துக்கொண்டிருந்த கடிதங்களை எழுதியது அவள்தான் என்று தெரியவருகிறது. வேலை முடிந்து வந்து, பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, ஓடிப்போனவனின் பெயரில் பாசமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பெண்! அவளுக்கே தனிப் படம் எடுக்கலாம். இவர்களோ அதை ஒரு திருப்பமாக வைத்துவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அந்த இடத்தில் மட்டும் “ஏண்டா, அவளை இன்னும் கொஞ்சம் காட்டக்கூடாதா?” என்றாள்.

மருமகனுக்கு அந்தப் பள்ளம் பிடிக்கவில்லை. “இதுக்காடா இவ்வளவு தூரம் போனானுக!” அவனுக்குப் பார்க்க வேண்டியது அரிச்சல்முனை. தனுஷ்கோடி தாண்டி அங்கே வரைக்கும் 2017-ல் சாலை வந்துவிட்டது, வண்டியில் போய்விடலாம். சாலை முடிகிற இடத்தில் மணல். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மணலில் இறங்கினால் புதைந்துகொள்ளும், நகராது. சென்னை மெரினாவில் 2022-ல் நாற்காலி போக மரப்பாதை போட்டார்கள். அதேபோல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கப்போகிறோம். மனுவைத் தானே சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொல்லியிருக்கிறான். அவன் வாய்க்கு எதை எழுதுவது, எதை விடுவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.